அலகு டீச்சர்

தப்பான விடைக்கு டீச்சர் முழு மார்க் போட்டதை, பக்கத்துச் சோபாவில் சாய்ந்திருந்த கணவர் பார்த்துவிட்டார்.

"என்ன இது? தப்புன்னு எனக்கே தெரியுதே."

"உங்களுக்கு என்ன தெரியும்? பேசாம பேப்பரைப் படிங்க."

"கேள்வியிலேயே இருக்கேம்மா. தேனோட அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.4 கிராம். ஒரு லிட்டர் தேன் எத்தனை கிலோ? பொண்ணு முதல்ல சரியாத்தான் போட்டிருக்கு. ஒரு லிட்டர்னா ஆயிரம் கன சென்டிமீட்டர், 1400 கிராம், 1.4 கிலோ. அப்புறம் அதை அடிச்சுட்டு ஒரு கிலோன்னு எழுதியிருக்கு."

அடித்ததற்குக் கீழே அந்தப் பெண் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். 'எங்கள் அப்பா தேன் விற்கிறார். லிட்டரும் கிலோவும் ஒன்றுதான் என்று அவரே சொன்னார்.'

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு அலகு டீச்சர் என்றே பெயர். விடை சரியாக இருந்தாலும் பின்னால் கிராமோ லிட்டரோ இல்லாவிட்டால் தொலைந்தது. "இருபதுன்னா? ஆடா, மாடா?" என்று கேட்டு மார்க்கைக் குறைத்துவிடுவார். வீட்டில் கணவர் உப்புக் கேட்டால்கூட எத்தனை கிராம் என்று கேட்கிறவர்.

"சின்னப் பொண்ணு. அப்பா மேல இருக்கிற நம்பிக்கைல எழுதியிருக்கா. போனா போகட்டும்" என்றார் டீச்சர்.

"பரவாயில்லையே, உனக்கும் மனசு இருக்கு." கணவர் நெகிழ்ந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயம் மனசு அல்ல, தேன்.

அந்தப் பெண்ணின் அப்பாதான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுக்குத் தேன் கொண்டுவருகிறவர். 'ஒரு கிலோ' என்று சொல்லி, டீச்சர் கொடுக்கும் லிட்டர் பாட்டிலில் கழுத்து வரை ஊற்றுவார். ஒரு கிலோவுக்குத்தான் காசு வாங்குவார். முதல் மாதமே டீச்சர் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாயிற்று. பாட்டில் எடை போக 1.4 கிலோ.

அவருக்கு அடர்த்தி தெரியாதது என் குற்றமா என்று இரண்டு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. வினாத்தாள் மேலிடத்திலிருந்து வந்தது. டீச்சரே தயாரித்திருந்தால் தேன் பக்கமே போயிருக்க மாட்டார்.

இப்போது தப்பு என்று போட்டால் பெண் தாளைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டுவாள். அடுத்த மாதம் மனிதர் தராசோடு வந்து நிற்பார். மாதம் நானூறு கிராம் போச்சு.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல தேன்.

ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கியது. மதியச் சாப்பாடு கண்ணை இழுத்தது. தாள்கள் மேலேயே தலை சாய்ந்தது.

தேன் ஊற்றிக்கொண்டே இருந்தது. பாட்டில் நிறைந்து, மேஜை வழிந்து, தரையெல்லாம் பரவியது. விடைத்தாள்கள் அதில் மிதந்து அறையைச் சுற்றி வந்தன. டீச்சர் நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டு கணக்குப் போட்டார். அறை நாலு மீட்டருக்கு மூணு மீட்டர். தேன் ஒரு சென்டிமீட்டர் உயரம். 0.12 கன மீட்டர். நூற்று இருபது லிட்டர். நூற்று அறுபத்தெட்டு...

"நூற்று அறுபத்தெட்டுன்னா? ஆடா, மாடா?" என்று யாரோ கேட்டார்கள். எவ்வளவு யோசித்தும் அலகு ஞாபகத்துக்கு வரவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் தேன்காரர், தோளில் தகர டின்னோடு. டீச்சர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். வெயில் பட்டுத் தேன் ஒற்றை நூலாக இறங்கியது. அவசரமே இல்லாமல் சுருண்டு சுருண்டு மடிந்து ஏறியது. இன்னும் கனவுதானோ என்று டீச்சருக்குத் தோன்றியது.

"ஒரு கிலோ டீச்சர்." கழுத்து வரை ஊற்றி மூடியைத் திருகினார். ஆனால் கிளம்பவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"என்னங்க?"

"பரீட்சைல தேன் கணக்கு வந்துச்சாமே. பாப்பா தப்பா எழுதிட்டு வந்திருக்கு. அதுக்கு மார்க் போட்டுடாதீங்க டீச்சர்."

டீச்சருக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. "ஏன்?"

"தப்பு என்னோடது. லிட்டரும் கிலோவும் ஒண்ணான்னு முன்னாடி ஒருநாள் கேட்டுச்சு. நான் ஆமான்னு பொய் சொல்லிட்டேன். என் பொய்யால அது தப்பாப் படிச்சுடக் கூடாது பாருங்க."

"பொய்யா? அப்போ உங்களுக்கு..."

"இருபது வருஷமா தேன் விக்கிறேன், லிட்டருக்கு எத்தனை கிலோன்னு தெரியாமலா? கடைக்கெல்லாம் தராசுலதான் போடுறேன். உங்களுக்கு மட்டும்தான் இந்த பாட்டில் கணக்கு."

"எனக்கு மட்டும் ஏன்?"

"கூட்டல்கூட வராத பொண்ணை ஒரு வருஷம் சாயங்காலம் உட்கார வெச்சுச் சொல்லிக்குடுத்தீங்க. ஃபீஸ் குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டீங்க. எனக்கு வேற வழி தெரியல. பாப்பாகிட்ட நிஜத்தைச் சொன்னா உங்ககிட்ட உளறிடும்னுதான் மறைச்சேன்."

டீச்சர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சொல்லிவிட நினைத்தார்.

அதற்குள் தேன்காரர் டின்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஏதோ குற்றம் செய்தவர்போலச் சிரித்தார்.

"மாசாமாசம் பயந்துகிட்டேதான் ஊத்துவேன் டீச்சர். கூடுதலா இருக்குன்னு தெரிஞ்சா, நீங்க அந்த நிமிஷமே திருப்பிக் குடுத்துடுற ஆளாச்சே."