கேட்காத மாப்பிள்ளை

"மூணு வருஷமா என் பொண்ணு அந்த ஆராய்ச்சியில உசுரை விடறா. ஒரு நாளாவது என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கீங்களா, மாப்பிள்ளை?"

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மாமியார், மூன்றாம் நாள் சாயங்காலம் கேட்டேவிட்டார்.

மாப்பிள்ளை தையல்காரர். ஊசியில் நூலைக் கோர்த்தபடி, "கேக்கறதில்லை அத்தை" என்றார்.

சரியான கல்லுளிமங்கன்.

"நேத்து அவ வாடிப்போய் வந்தா. அவ வர்றதுக்குள்ள வெந்நீர் போட்டு வெச்சிருந்தீங்க, சரி. அது மட்டும் போதுமா? வாயில ஒரு வார்த்தை வேண்டாமா?"

மணி ஆறு. மாப்பிள்ளையின் கை மெல்லப் போனை எடுத்தது.

"நான் பேசிட்டிருக்கேன். போன்தான் முக்கியமா போச்சா?"

பாவம், அப்படியே வைத்துவிட்டார்.

ஆறரைக்கு மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"குவாண்டம் நடை வந்துடுச்சும்மா."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுடி."

மகள் தையல் மிஷின் மேலிருந்த பொத்தானை எடுத்து மேஜையில் வைத்தாள். "காசைச் சுண்டறோம். தலை விழுந்தா இந்தப் பொத்தான் ஒரு அடி வலது, பூ விழுந்தா ஒரு அடி இடது. நூறு தடவை சுண்டினா இது எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

"எங்க போகும்? முன்னும் பின்னும் அல்லாடிட்டு இங்கயேதான் கிடக்கும்."

"அதேதான். சராசரியா பத்தடி தாண்டினா பெரிசு. குவாண்டம் நடையில ரெண்டு பக்கமும் ஒண்ணாவே போகும். நூறு அடியில, எழுபது அடி தள்ளிப் போயிருக்கவே வாய்ப்பு ஜாஸ்தி. நான் வெளிச்சத்தை அப்படி நடக்க வெச்சேன்."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் வரலை?"

"எல்லாம் என் புத்திதான். ஒழுங்கா போகுதான்னு பார்க்க ஒவ்வொரு அடிக்கும் ஒரு கருவி வெச்சிருந்தேன். அடிக்கு அடி எட்டிப் பார்த்தா அதுவும் காசு சுண்டற நடையா ஆயிடும்னு ஊருக்கே பாடம் எடுக்கறவ நான். துளியூண்டுதானே பார்க்குது, என்ன ஆயிடப்போகுதுன்னு விட்டுட்டேன். இன்னிக்கு எல்லாத்தையும் கழட்டினேன். நடந்து முடிச்சப்புறம், கடைசியில ஒரே ஒரு தடவை பார்த்தா போதும்."

மாப்பிள்ளை முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டீ போட உள்ளே போய்விட்டார். இப்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிஷின் மேல் மாப்பிள்ளையின் போன் அடித்தது. மாமியார் எடுத்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்துக் குரல் முந்திக்கொண்டது.

"சார், ஆராய்ச்சிக்கூடத்து வாட்ச்மேன் பேசறேன். தினம் ஆறு மணிக்கு, 'வெளியே வரும்போது மேடம் முகம் எப்படி இருந்துச்சு'ன்னு கேப்பீங்களே, இன்னிக்கு உங்க போனைக் காணோமேன்னு நானே கூப்பிட்டேன். மேடம் இன்னிக்குச் சிரிச்சிட்டே போனாங்க, சார்."