பாதிச் சவரம்

இடது கன்னம் பளபளவென்று முடிந்திருந்தது. வலது கன்னத்தில் நுரை அப்படியே நின்றது. கத்தி தொண்டைப் பக்கம் இறங்கிய நேரத்தில் சலூன்காரர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

கத்தியைத் தட்டில் வைத்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாற்காலியில் மல்லாந்து கிடந்த டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றப் போவதற்குள் முகத்தை மழித்துக்கொண்டு போய்விடலாம் என்று அவசரமாக வந்திருந்தார்.

"எங்கேய்யா போறாரு?"

முறைக்குக் காத்திருந்த தையல்காரர் கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தார்.

"எதிர்க் கடைக்குத்தான். ஜூஸ் குடிக்கிறாரு."

"என்னது, ஜூஸா?"

"ஆமா. ஒரே மூச்சுல. இதோ, இன்னொண்ணு கேக்குறாரு."

டிரைவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னை நுரையோட உக்கார வச்சுட்டு, துரைக்கு ஜூஸ் கேக்குதா?"

"இந்த மட்டும் கத்தியைக் கீழ வச்சுட்டுப் போனாரேன்னு சந்தோஷப்படுங்க" என்றார் தையல்காரர்.

சிரிக்கிற நிலையில் டிரைவர் இல்லை. கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்தார். அதே கோலத்தில் தெருவைக் கடந்தார். சைக்கிளில் போன ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

சலூன்காரர் கடையோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"யோவ், மனுஷனா நீ? பாதி முகத்தோட என்னை அம்போன்னு விட்டுட்டு, இங்க வந்து ராஜா மாதிரி உக்காந்திருக்கே? எத்தனை வருஷமா உன் கடைக்கு வர்றேன்! இதுதான் நீ குடுக்குற மரியாதையா?"

சலூன்காரர் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சினார்.

"வாயைத் திறந்து பேசேன்யா!"

சலூன்காரர் ஒரு கையை மட்டும் உயர்த்தினார், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல. அந்தக் கை கிடுகிடுவென்று ஆடியது.

அப்போதுதான் டிரைவர் அவரைச் சரியாகப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. முகம் வெளிறிக் கிடந்தது. மடியெல்லாம் ஜூஸ் சிந்தியிருந்தது.

டிரைவர் குனிந்து டம்ளரின் அடியைத் தாங்கிப் பிடித்தார்.

கொஞ்ச நேரத்தில் சலூன்காரருக்கு மூச்சு சீரானது. கண்ணில் தெளிவு வந்தது.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. சுகர் இறங்கிடுச்சு."

கடைக்காரம்மா கவலையோடு எட்டிப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் சர்க்கரை வியாதி ஆச்சே, இனிப்பு ஆகாதேன்னு நான் குடுக்கவே யோசிச்சேன்."

"மத்த நேரத்துல ஆகாதுதான்க்கா. இப்போ இதுதான் மருந்து. காலையில மாத்திரையைப் போட்டுட்டேன். ஆள் மேல ஆள் வந்துக்கிட்டே இருந்ததுல சாப்பிடாம விட்டுட்டேன். மாத்திரை சும்மா இருக்குமா? உடம்புல இருந்த சர்க்கரையையும் சேர்த்து இறக்கிடுச்சு. ஒரு பன் குடுங்க, மறுபடி இறங்காமத் தாங்கும்."

"சொல்லிட்டு வந்திருக்கலாமே?" டிரைவரின் குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"நாக்கு புரளலை அண்ணே. உங்க முகம் ரெண்டு ரெண்டா தெரியுது. கத்தி உங்க கழுத்துகிட்ட இருக்கு. முதல்ல இதைக் கீழ வைடான்னு மட்டும்தான் புத்தியில ஓடுச்சு."

"முன்னாலயும் இப்படி வந்திருக்கா?"

"வந்திருக்கு. அதனாலதான் ஆரம்பத்துலயே தெரிஞ்சுது. இந்த ஒரு ஆளை முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்னு நினைச்சா, விழப்போறது நான் மட்டும் இல்லையே."

டிரைவர் குனிந்து, கடைக்காரம்மாவுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டார். "இதை ஏன் இப்படிப் பட்டவர்த்தனமா சொல்றே? நாலு பேருக்குத் தெரிஞ்சா எவன் உன்கிட்ட கழுத்தைக் குடுப்பான்? பொழப்பு என்ன ஆகும்?"

சலூன்காரர் பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"தெரிஞ்சாதான் அண்ணே குடுப்பாங்க. கை ஆடினா கத்தியை வச்சுடுவான்னு நம்பிக்கை வரும்ல?"

டிரைவர் பக்கத்திலேயே நின்றார். கன்னத்து நுரை காய்ந்து தோலை இழுத்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பன்னை முடித்து, இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்த பிறகு, சலூன்காரர் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"வாங்க அண்ணே, மிச்சத்தை முடிச்சுடலாம்."

தையல்காரர் எழுந்து வழிவிட்டார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லைப்பா. நிதானமா செய்."

புது நுரை போட்டார். கத்தி கழுத்தில் பூப்போல ஓடியது. டிரைவர் கண்ணை மூடவில்லை. கண்ணாடியில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்தைத் துடைத்துவிட்டு, சலூன்காரர் துணியை உதறினார்.

"என்னால உங்களுக்கு நேரமாயிடுச்சு. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும், கிளம்புங்க."

டிரைவர் கிளம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பள்ளிக்கூட மேனேஜரை அழைத்தார்.

"சார், இன்னைக்கு பஸ்ஸுக்கு வேற டிரைவரைப் போடுங்க. நான் டாக்டரைப் பார்த்துட்டுத்தான் இனிமே வண்டியைத் தொடுவேன்… வண்டிக்கு என்ன சார், நல்லாத்தான் இருக்கு. போன வாரம் வளைவுல பிளாட்பாரத்து மேல ஏறினப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. பிரேக் பிடிக்கலைன்னு சொன்னது பொய் சார். எனக்கும் சுகர் இருக்கு. கை நடுங்குது, கண்ணை மறைக்குதுன்னு தெரிஞ்சும், பஸ் நிறைய பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நிறுத்தாம ஓட்டினேன்."