இரண்டு தடவை வரி

“இது பலசரக்குக் கடைக் கல்லா இல்ல அண்ணாச்சி. கைய விட்டு அள்ளிட்டுப் போக முடியாது,” என்றார் ஆடிட்டர் டேவிட்சன்.

உடன்குடியில் கடை வைத்திருந்த காலத்தில் கல்லாவும் ராஜதுரையின் சட்டைப்பையும் ஒன்றுதான். தூத்துக்குடிக்கு வந்து, உப்பைப் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கி, அதைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக ஆக்கிய பிறகும் பழக்கம் போகவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர் வரி கொடுத்தாலும் சரி, கல்யாண வீட்டுக்கு மொய் எழுதினாலும் சரி, கம்பெனிப் பணத்தைத்தான் எடுப்பார். வருடக் கடைசியில் டேவிட்சன் தலையில் அடித்துக்கொள்வார்.

பக்கத்து நாற்காலியில் ராஜதுரையின் மனைவி பகவதி உட்கார்ந்திருந்தாள். பெயருக்கு அவளும் ஒரு டைரக்டர். கணவர் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவள் வேலை. இன்றைக்கும் அதற்காகத்தான் வந்திருந்தாள். மனசு முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தது.

ஒரே மகள் ஐஸ்வர்யா. நான்கு வருடங்களுக்கு முன், விசைப்படகில் வேலை பார்க்கும் ஜெனோவைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பையன் வேதக்காரன், கிறிஸ்தவக் குடும்பம். “இனி என் கையால ஒனக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது,” என்று வாசலில் நின்று சொன்னார் ராஜதுரை. “ஒங்க கையால நீட்டுனா நானும் வாங்க மாட்டேன்,” என்று திருப்பிச் சொன்னாள் அவள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?

போன வாரம் படகில் விழுந்து ஜெனோவுக்கு முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் எழுந்து நடப்பான், இல்லையென்றால் காலம் முழுக்கக் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செலவுக்கென்று பகவதி தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தனுப்பினாள். “எனக்கு உரிமை இல்லாத காசு எனக்கு வேண்டாம்மா” என்ற பதிலோடு அவை அன்றைக்கே திரும்பி வந்தன. கணவரிடம் அழுதாள், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். பெற்ற வயிறு என்ன பாடு படும்?

“கம்பெனி வேற, நீங்க வேற,” டேவிட்சன் பொறுமையாகச் சொன்னார். “லாபத்துக்கு மொதல்ல கம்பெனி கால் பங்கு வரி கட்டணும். மிச்சத்த நீங்க டிவிடெண்டா, அதாவது பங்குக்கு உள்ள லாபமா எடுத்தா, அது ஒங்க வருமானத்துல சேந்துரும். அதுக்கு நூத்துக்கு முப்பது நீங்க கட்டணும். ஒரே காசுக்கு ரெண்டு தடவை வரி.”

“கடனா எடுத்தா?”

“ஒங்கள மாதிரி பெரும்பங்கு வச்சிருக்கவங்க கடன்னு எடுத்தாலும், அதையும் டிவிடெண்டுன்னுதான் டிபார்ட்மென்ட்ல சொல்லுவாங்க. பேசாம சம்பளத்தக் கூட்டிக்கிடுங்க. சம்பளம் கம்பெனிக்குச் செலவு, அதுக்குக் கம்பெனி வரி கட்டாண்டாம். நீங்க மட்டும் கட்டுனாப் போதும்.”

ராஜதுரை நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“டிவிடெண்டே போடுங்க, தம்பி.”

டேவிட்சன் பேனாவைக் கீழே வைத்தார். “அண்ணாச்சி, நான் சொன்னது வெளங்கலையா? லட்சக்கணக்குல வீணாப் போவும். அதோட டிவிடெண்டுன்னா ஒங்களுக்கு மட்டும் எடுக்க முடியாது. பங்கு உள்ளவங்க எல்லாருக்கும் ஒரே கணக்குல கொடுத்தாகணும்.”

“வெளங்குச்சு. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா எப்ப பேங்குக்குப் போவும்?”

“இந்த வாரத்துலயே போயிரும்.”

“அப்ப போடுங்க.”

பகவதிக்கு ஆடிட்டர் முன்னால் இருக்கிறோம் என்பதே மறந்துபோனது.

“கவர்மெண்டுக்கு ரெண்டு தடவை அள்ளிக் கொடுக்க மனசு வருது. பெத்த பிள்ளைக்கு ஒரு தடவை கொடுக்க வரலியே ஒங்களுக்கு?”

“ஏளா, கையெழுத்தப் போடு.”

“போடுதேன். என் பங்குக்கு வாரத அப்படியே அவளுக்குத்தான் கொடுப்பேன். நீங்க தடுக்கப்பிடாது.”

“நீ கொடுத்தா வளையல் வந்த மாதிரி அதுவும் திரும்பி வரும்.”

அது உண்மைதான். அந்த உண்மைதான் அவளை அதிகமாகச் சுட்டது. என்றாலும் காசு கைக்கு வந்தால் யார் மூலமாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

“தம்பி, என் பங்கு எவ்வளவு வரும்?”

டேவிட்சன் சங்கடத்தோடு ராஜதுரையைப் பார்த்தார். “ஒங்க பேர்ல பங்கே கிடையாதே அக்கா. நீங்க டைரக்டர் மட்டுந்தான்.”

பகவதி கணவர் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். குரல் மட்டும் உடைந்து வந்தது.

“கம்பெனி தொடங்கயில பாதிப் பங்க ஐஸ்வர்யா பேர்லதான் எழுதுனேன். அதுக்கு முந்தி ரெண்டு வருசம் சம்பளம் இல்லாமக் கணக்குப் பாத்தவ அவதான? சம்பளமா எடுத்தா காசு என் கைக்குத்தான் வரும், என் கையால நீட்டுனா அவ வாங்க மாட்டா. டிவிடெண்டுன்னா அவ காசு நேரா அவளுக்கே போயிரும்ளா.”