நாலு வேளைத் தீனி

துருக்கியின் கொன்யா சமவெளியில் ரிஃபாத்தின் பொழுது மூன்று மாதமாக ஆட்டுக் கொட்டகையிலேயே கழிந்தது. பன்னிரண்டு செம்மறிக் குட்டிகளுக்கும் ஆறு, பதினொன்று, நான்கு, ஒன்பது மணிக்குத் தீனி வைக்க வேண்டும். அப்படிப் பிரித்து வைத்தால்தான் எடை கூடும், கறியும் மிருதுவாக இருக்கும் என்று கால்நடை டாக்டர் சொன்னதாக மனைவி ஹாஜெர் சொல்லியிருந்தாள்.

டவுனிலிருந்து நண்பன் ஜெமில் போனில் சீண்டினான். “ஆட்டை நீ கட்டியிருக்கியா, ஆடு உன்னைக் கட்டியிருக்கா? நாம வழக்கமா உக்கார்ற கடையில உன் நாற்காலி காலியாக் கிடக்குடா.”

“போயிட்டுத் திரும்புறதுக்குள்ள அடுத்த வேளை வந்துடுதுடா,” என்று ரிஃபாத் எரிந்து விழுந்தான்.

பக்ரீத் சந்தைக்கு முன்னால் டாக்டர் நெர்மின் வந்து குட்டிகளை எடை போட்டாள். “நல்லா வளர்ந்திருக்கு அண்ணே.”

“நாலு வேளை வைக்கிறேனே டாக்டரம்மா!”

“நாலா? ரெண்டே போதும்னு அக்காகிட்ட அன்னைக்கே சொன்னேனே. அதுக்கு மேல பிரிச்சு வெச்சாலும் இதுங்களுக்கு எடையும் கறியும் இதேதான்.”

ரிஃபாத் கொதித்துப்போய் மனைவி பக்கம் திரும்பினான். “என்னை ஏன்டி இப்படிக் கட்டிப்போட்டே?”

ஹாஜெர் சொன்னாள்:

“ஆட்டுக்கு ரெண்டு வேளைதாங்க. நாலு வேளை உங்களுக்காக. மூணு மாசமா நீங்க ஒரு சொட்டுக் குடிக்கலை.”