தப்பில்லாத பலகை

"ஊருக்கெல்லாம் சரியா அச்சடிக்கிற, தம்பி. அந்தப் பல் ஆஸ்பத்திரிப் பொண்ணுக்கு மட்டும் எப்படிப்பா தவறாம தப்பு வருது?" என்றாள் அண்ணி, கல்லாவில் உட்கார்ந்தபடி.

"மெஷின் பழசு அண்ணி."

"மெஷின் வயசை நான் கேக்கல. உன் வயசு எனக்குத் தெரியும்."

பொம்மை ரயில் பிரியர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை அச்சடிப்பது அவன் தொழில். தண்டவாளம் வண்ணக் கோடாக ஓடும். பிரிகிற இடமெல்லாம் ஒரு பட்டன்; அழுத்தினால் ரயில் அந்தப் பக்கம் திரும்பும். பிளாஸ்டிக் தகட்டின் பின்பக்கம் அச்சடிப்பதால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடவேண்டும். மறந்தால் ஸ்டேஷன் இருக்கவேண்டிய இடத்தில் ரயில் நிறுத்திவைக்கிற ஷெட் வந்து நிற்கும்.

பல் ஆஸ்பத்திரிப் பெண்ணின் பலகைக்கு அவன் இரண்டு முறை மறந்தான். மறப்பதற்கு மிகுந்த கவனம் தேவைப்பட்டது.

இரண்டு முறையும் அவள் வந்தாள். "ஸ்டேஷன் பட்டனை அழுத்தினா ரயில் ஷெட்டுக்குப் போகுதுங்க" என்று குறைப்பட்டுக்கொண்டே அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த அரை மணியை வைத்தே அவன் அந்த வாரத்தை ஓட்டினான்.

மூன்றாம் முறை அண்ணி மெஷின் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். பலகை பிசகாமல் வந்து தொலைத்தது. அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டு போன வாசலை, கடைசி வண்டியைத் தவறவிட்டவன் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான்.

சில நாளில் அதே பலகையோடு வந்து நின்றாள்.

"மறுபடியும் ஷெட்டுக்குத்தாங்க போகுது."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கொடுத்திருந்த வரைபடத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தான். மயிரிழை வித்தியாசமில்லை. முயற்சியே இல்லாமல் தப்புச் செய்யும் அளவுக்கா தேறிவிட்டோம்?

"பலகை சரியாத்தாங்க இருக்கு" என்றான். அண்ணி பார்சல் கட்டுகிற சாக்கில் காதை இந்தப் பக்கம் அனுப்பினாள். "ஒயர்லதான் கோளாறு இருக்கணும். நாளைக்கு... நானே வீட்டுக்கு வந்து பாக்கட்டுமா?"

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, வீட்டுக்கெல்லாம் வேணாங்க!"

"சரிங்க" என்றான். பலகையைத் துடைத்தான். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

அவள் படியிறங்கினாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"அடுத்த வாரம் வரீங்களா?"

"வரேங்க. நாளைக்கு வீட்ல யாரும் இல்லையா?"

"அப்பா, அம்மா எல்லாரும் இருக்காங்க" என்றாள், தரையைப் பார்த்தபடி. "ரயில்தான் இல்ல. இனிமேதான் வாங்கணும்."