நூலில் கட்டிய கண்ணாடி

மருந்துக்கடை கவுண்டரில் நூலில் கட்டித் தொங்கும் படிப்புக் கண்ணாடியைத் தலைமை அலுவலக அதிகாரி கத்தரியால் வெட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். "இது கடையா, சந்தையா? நம்ம தரம் என்னாகறது?" அவருடைய தரம் டையில் ஆரம்பித்து பூட்ஸ் வரை பளபளக்கிறது. வயதானவர்கள் மருந்துப் புட்டியைப் படிக்கட்டும் என்று அதை வாங்கித் தொங்கவிட்ட மருந்தாளர் பெண், இன்றோடு வேலை போய்விடுமோ என்று கவுண்டரின் விளிம்பைப் பிடித்தபடி நிற்கிறாள். அறுந்த நூலின் மிச்சம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. காய்ச்சலில் முனகும் பேத்தியைத் தோளில் சாய்த்திருக்கும் பெரியவர், வாங்கிய மருந்துப் புட்டியோடு வழக்கமான இடத்தில் துழாவுகிறார். "கண்ணாடி எங்கம்மா? பாப்பாவுக்கு மருந்து எவ்வளவு குடுக்கணும்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"இப்படிக் குடுங்க பெரியவரே, நானே படிக்கறேன்" என்று அதிகாரி முந்துகிறார். சேவை என்றால் என்னவென்று அவள் கற்றுக்கொள்ளட்டும். புட்டியைக் கண்ணருகே கொண்டுபோகிறார். தள்ளிப் பிடிக்கிறார். இன்னும் தள்ளுகிறார். கை முழுதாக நீண்டுவிட்டது, எழுத்துதான் தெளியவில்லை. "ஒன்றரை ஸ்பூன்" என்று கம்பீரமாக அறிவிக்கிறார். பெரியவர் தலையாட்டிவிட்டுத் திரும்புகிறார்.

"அரை ஸ்பூன் சார்."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்கிறது. பெரியவர் வாசலில் நின்றுவிட்டார். குழந்தை இருமுகிறது.

"எனக்குப் படிக்கத் தெரியலைங்கறியா?"

"தெரியும் சார். இன்னொரு தரம் படிச்சுடுங்க."

அதிகாரி யாரையும் பார்க்காமல் சட்டைப் பைக்குள் கையை விடுகிறார். வெட்டுப்பட்ட நூல்தான் முதலில் வெளியே வருகிறது.