பொம்மைக்குக் கிடைத்த இரண்டாவது வேலை

சோளக்கொல்லையை மனை போட்டு விற்ற பிறகு, காவலுக்கு நின்ற வைக்கோல் பொம்மையை யாரும் எடுத்துப் போகவில்லை. எல்லைக் கற்களுக்கு நடுவே அது சாய்ந்து கிடந்தது. முன்பெல்லாம் அதைக் கண்டாலே பறந்துவிடும் காக்கை, இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"என்ன அண்ணே, படுத்துட்டீங்க?"

"எனக்கு விரட்ட மட்டும்தான் தெரியும். இங்கே இனி யாரை விரட்டுறது?"

"எனக்கு மட்டும் சோளம் இருக்குதா? கொத்தனாருங்க போடுற மிச்சச் சோத்துல பிழைக்கிறேன். அவங்க கட்டுற வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை தேடுறாங்க. மேஸ்திரி கண்ணுல படுற மாதிரி நிமிர்ந்து நில்லுங்க."

"அங்கே என்ன வேலை?"

"சும்மா தொங்கணும். பொறாமைக்காரன் பார்வை வீட்டு மேல விழாம உங்க மேல விழணும்."

"யாரையும் பயமுறுத்த வேண்டாமா?"

"வேண்டாம்."

 பொம்மை நிமிர்ந்து நின்றது.

மறுநாள் மேஸ்திரி அதற்குப் பெரிய மீசை வரைந்து மாடிச் சாரத்தில் கட்டினார். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒரு குழந்தை டாட்டா காட்டியது. பொம்மைக்குக் கூசியது.

"பழகிடும்," என்றது காக்கை. "எனக்கும் சாம்பார் சாதம் முதல்ல இறங்கல."

மதியம் காக்கை சோற்றுடன் வந்தது. சாரம் முழுக்கக் கொத்தனார்கள் சாப்பிட உட்கார்ந்திருந்ததால் அதற்கு உட்கார வேறு இடமில்லை. தயங்கித் தயங்கிப் பொம்மையின் தோளில் இறங்கியது. அப்போது காற்று பலமாக அடித்தது. கையை ஒரு வீசு வீசினால் போதும், காக்கை பறந்துவிடும்.

பொம்மை கையை அசைக்காமல் வைத்துக்கொண்டது.